காலியாக விட்ட கட்டம்

பொத்தானை அழுத்திய பிறகும் விரலை எடுக்காமல் நின்றேன். கண்ணாடிக்குள் ஒரு துண்டுத்தாள் ஏழு நொடி நின்று, அறுந்து, விழுந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம். நீளமாக, ஒரே சீராக, அறையை நிரப்பிவிட்டுச் சட்டென்று நின்றுபோகிற பீப். விருதுநகரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடம். இந்தத் தேர்தலில் என் வாக்கு. "முடிஞ்சிருச்சு சார், வெளிய வாங்க" என்று மேசைக்காரர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அசைந்தேன். அழுத்தினால் சத்தம் வரும், எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு மட்டும் விரல் மைக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் கிடக்கிறது. அந்த ஆறு மணி நேரமும் பதிவேட்டில் ஒரு கட்டத்தை நிரப்பாமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு டீச்சரும் அதற்குள் கிடக்கிறார்.

தேர்தல் வேலை ஒரு வினோதமான உறவைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும். முன்பின் தெரியாத நாலைந்து பேரைக் கணினி ஒரு தாளில் சேர்த்துவிடும். ஒரு ராத்திரி ஒரே வகுப்பறையில் படுத்து எழுந்து, ஒரு பகல் முழுக்க ஒரே மேசையில் முழங்கை இடித்துக்கொண்டு, ஒருவர் கொண்டுவந்த புளிச்சோற்றை மற்றவர் தின்று, மறுநாள் பிரிந்தால் பிறகு ஆயுளுக்கும் பார்ப்பதில்லை. சில வருடங்களுக்கு முந்தைய ஒரு தேர்தலில் நான் இரண்டாம் அலுவலர். விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, துண்டுச்சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. காரியாபட்டி வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனை விஸ்வநத்தத்துக்குத் தெற்கே, பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருந்த ஒரு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக வந்தவர்தான் அந்த டீச்சர். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இரண்டு முழங்காலிலும் வலி. பையில் ஒரு தைல டப்பா, ஒரு ஜெபப் புத்தகம், ஓரம் தேய்ந்த மர அடிக்கோல்.

அந்த அடிக்கோலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் அது எரிச்சலாக மாறியது. படிவத்தில் கோடு இழுக்க வேண்டிய இடத்திலெல்லாம் அடிக்கோலை வைத்துத்தான் இழுப்பார். கையேட்டை மடியில் விரித்து, பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் எதையும் செய்வார். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் படிவங்களை வேகமாக நிரப்பிக்கொண்டிருந்தபோது, "தம்பி, நாளைக்கு நிரப்பவேண்டியத இன்னைக்கே நிரப்புறீக. நடக்காதத எழுதக்கூடாது" என்றார். எல்லா சாவடியிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். "எல்லா சாவடியிலயும் நான் இல்லல்ல" என்றார். நான் பேனாவை வைத்துவிட்டுக் கொசுவர்த்தி வாங்கப் போனேன்.

காலை ஏழு மணிக்கு வாசலில் நீளமான வரிசை. ஆலைகளுக்கு விடுமுறை, பெண்கள்தான் முதலில் வந்தார்கள், வெயிலுக்கு முன்னால் போட்டுவிட்டுப் போய்ச் சோறாக்கலாம் என்று. தங்கள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிற வகுப்பறை என்பதால் ஒருவர்கூடச் செருப்போடு உள்ளே வரவில்லை. யாரும் சொல்லாமலே வாசற்படிக்குக் கீழே செருப்புகளும் ஒரு வரிசையாக நின்றன. வரிசையில் பேச்சுக்குக் குறைவில்லை. "நம்ம கம்பெனி வேனு விட்டா இம்புட்டு நேரத்துக்கு ஒரு கட்டு முடிச்சிருப்பேன்." "ஏன், இங்கன நிக்க கசக்குதாக்கும்? மேனேஜர் மொகத்தப் பாக்காம ஒரு நாளு இருக்க முடியல ஒனக்கு." உள்ளே உட்கார்ந்திருந்த கட்சி முகவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பகல் பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்தப் பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாடாமல்லி நிறச் சேலை, தலையில் ஒரு துண்டு. முதல் அலுவலர் வாக்காளர் பட்டியலில் அவள் பெயரைத் தேடி, சத்தமாகப் படித்து, பெயரின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். அவள் மேசைமேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார், எம் பேர அடிக்கீக?"

"அடிக்கலம்மா. வந்தவுக பேர்லதான் கோடு போடுவோம்."

"அப்பச் சரி. அடுத்த நம்பரு எங்க வீட்டுக்காரவுக. கோடு இல்லாம சுத்தமா இருக்கு பாருங்க. நேத்து காயவச்ச சரக்கு மேடையிலயே கெடக்குன்னு அள்ளி வைக்கப் போயிருக்காக. நீ முன்ன போ, நான் பொறத்தாலயே வாரேன்னாக. கம்பெனி லீவுன்னா சரக்குக்கும் லீவா, வெயிலு அதுபாட்டுக்கு அடிக்குமில்ல."

பிறகு என் முன்னால் வந்து இடது கையை நீட்டினாள். நகக்கண் முழுக்கப் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி ஏறியிருந்தது. துணியால் துடைத்தேன். போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். "நல்லாத் தேயுங்க சார். கல்யாணமான மறுமாசம் ஏறுனது, சோப்புக்கே போகல, ஒங்க துணிக்கா போகப்போவுது" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த வெள்ளியின் மேலேயே மையை இழுத்தேன். கையெழுத்துப் போட்டாள். வரிசை எண் எழுதித் துண்டுச்சீட்டைக் கொடுத்தேன். அதை மூன்றாம் அலுவலரிடம் கொடுத்தால் அவர் இயந்திரத்தைத் திறந்துவிடுவார், அவள் மறைப்புக்குள் போய் அழுத்துவாள், பீப் வரும். அதற்கு இன்னும் மூன்று எட்டு. அவள் இரண்டு எட்டு வைத்தாள்.

முதலில் தரைதான் வந்தது. காலுக்கடியில் யாரோ பாயை உருவுவதுபோல ஒரு இழுப்பு. அதன் பிறகு சத்தம். உத்தரத்திலிருந்து சுண்ணாம்புத்தூள் பதிவேட்டின் மேல் உதிர்ந்தது. நான் மேசைக்கடியில் குனிந்துவிட்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். நிமிர்ந்தபோது ஊர்க்காரர்கள் ஒருவரும் குனிந்திருக்கவில்லை. எல்லாரும் ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி நின்றிருந்தார்கள். சத்தத்துக்கு அவர்கள் பயப்படவில்லை, திசைக்குப் பயந்தார்கள். வெளியே ஒரு குரல், "தெக்க." இன்னொரு குரல், "வெள்ளப் பொகை." அவ்வளவுதான். சாவடிக்குள் போன் கொண்டுவரக்கூடாது என்பதால் எல்லாருடைய போனும் வீட்டில் கிடந்தது. யாரிடமும் கேட்க வழியில்லை. ஓடத்தான் முடியும். வாடாமல்லிச் சேலை என் மேசையை இடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். சீட்டு அவள் கைக்குள்ளேயே இருந்தது. ஒரு நிமிடத்தில் வரிசை இல்லை. செருப்புகளின் வரிசை மட்டும் வாசலில் அப்படியே நின்றது.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "கர்த்தாவே" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு மணி கேட்டார். நாட்குறிப்பை எடுத்து, வெளியே பெரும் வெடிச்சத்தம் என்றும், வாக்குப்பதிவு நிறுத்தப்படவில்லை என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வரியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நிறுத்தவில்லைதான். போடத்தான் ஆள் இல்லை. கதவு திறந்திருந்தது, இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது, மை பாட்டில் மூடி கழற்றியபடி இருந்தது, எதிரே பெஞ்சில் இரண்டு முகவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள். வெளியூர்க்காரர்களும் சட்டமும் மட்டும் உள்ளே. ஊர் முழுக்கப் புகையைப் பார்த்துப் போயிருந்தது.

ஒன்றரை மணிக்கு டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தச் செருப்பையெல்லாம் எடுத்து நெழல்ல போடுங்க. ரப்பரு, வெயில்ல கொதிச்சுக் கெடக்கு. திரும்பி வந்து போடயில காலு பொத்துப்போயிரும்." ஒரு அரசு ஊழியன் செருப்பு அடுக்குவதா என்று ஒரு கணம் நின்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். ஓடிப்போய் நானே அடுக்கினேன், ஜோடி மாறாமல். சிறியது, பெரியது, குதிகால் தேய்ந்தது, ஒரு பக்கம் வார் மாற்றியது. கையில் எடுக்கும்போது நிஜமாகவே சுட்டது.

மூன்று மணிக்கு மேலிடத்திலிருந்து போன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். டீச்சர் சொன்னார். மறுமுனையின் குரல் எனக்கே கேட்டது: ஒரு மணிக்கும் அதே எண், மூணு மணிக்கும் அதே எண், என்ன மேடம் தூங்கிட்டீங்களா? டீச்சர் நிதானமாகச் சொன்னார்: "ஊர்ல வெடி வெடிச்சிருக்கு சார். எல்லாரும் அங்கன நிக்காக." மறுமுனை எண்ணை மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டது. பிறகு, "சரி மேடம், அஞ்சு மணிக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லப் பாருங்க" என்றது. "வந்தா கூடும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார்கள். நாலு மணியிலிருந்து ஒவ்வொருவராக. வாக்களிக்க வரவில்லை. "செருப்பெடுக்க வந்தேன் சார்" என்றாள் ஒரு கிழவி. நிழலில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "யாரு இப்படி வச்சது?" என்று கேட்டாள். டீச்சரைக் காட்டினேன். தன் ஜோடியைத் தேடி எடுத்து, மறுபடி கீழே வைத்துவிட்டு, "வந்ததுக்குப் போட்டுட்டே போறேன்" என்று உள்ளே வந்தாள். அப்படித்தான் ஐந்து மணி எண் கொஞ்சம் கூடியது. அறிக்கை வாசித்த யாருக்கும் அது செருப்புகளால் கூடிய எண் என்று தெரிந்திருக்காது. வந்தவர்கள் சொன்னதிலிருந்து செய்தியும் துண்டுதுண்டாக வந்து சேர்ந்தது. மூன்று பேரைப் பிணமாக எடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதில் ஒருவர், மேடையில் சரக்கு அள்ளப் போனவர்.

அந்த நேரத்தில் எங்கள் மேசையில் வேறொரு பிரச்சினை முளைத்திருந்தது. என் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் இயந்திரத்தில் வாக்களித்தவர்களை விட ஒருவர் அதிகம். அந்த ஒருவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். மை வைத்த பிறகு வாக்களிக்காமல் போனால், பதிவேட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் 'வாக்களிக்காமல் சென்றார்' என்று தலைமை அலுவலர் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். இரண்டு சொல். எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அவள் பிறகு வந்தாலும் போட முடியாது. டீச்சர் எழுதாமல் வைத்திருந்தார். முகவர்களில் மூத்தவர் எழுந்துவந்து, "ஒண்ணு இடிக்குது டீச்சர். எழுதிருங்க. அந்தப் புள்ள எங்கன இனி வரப்போவுது, புருசன அந்தக் கோலத்துல பாத்துட்டு" என்றார்.

நானும் சொன்னேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை. "எழுதிரலாம் டீச்சர்" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். முந்தின ராத்திரி தூக்கமில்லை. கணக்கு இடித்தால் பெட்டி ஒப்படைக்கும் இடத்தில் விடியவிடிய நிற்க வேண்டும். அவளுக்கு இன்றைக்கு ஓட்டா முக்கியம் என்று ஒரு இரக்கத்தையும் அதற்கு மேல் பூசிக்கொண்டேன். அந்த இரக்கம் பொய் என்று பேசும்போதே எனக்குத் தெரிந்தது. என் முதுகு வலித்தது, அவ்வளவுதான்.

டீச்சர் கையேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்தார். "வாக்களிக்காமல் சென்றார்னு எழுதணும்னா அவ போயிட்டான்னு எனக்குத் தெரியணும். சீட்டத் திருப்பிக் குடுத்தாளா? வேண்டாம்னு சொன்னாளா? ஒண்ணும் சொல்லலியே. ஓடுனா. ஓடுனவ போனவளாயிர மாட்டா. ஆறு மணி வரைக்கும் அவ வரிசையிலதான் நிக்கா."

"வரலன்னா டீச்சர்?"

"வரலன்னா ஆறு மணிக்கு எழுதுவேன். நடக்காதத எழுத மாட்டேன்னு நேத்தே சொன்னேன்ல."

பேனாவை மூடிப் பதிவேட்டின் மடிப்பில் படுக்கவைத்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தே கால். ஐந்தரை. வெயில் வாசற்படியில் இறங்கி, மிச்சமிருந்த சில செருப்புகளை மறுபடி தொட்டது. அவளுடையது அதில் இருந்தது. நீலப் பட்டை போட்டது; அவள் படிக்குக் கீழே கழற்றிவிட்டு வந்ததைப் பார்த்திருந்ததால் நினைவிருந்தது.

ஐந்து நாற்பதுக்கு வெளியே ஒரு லோடு வண்டி வந்து நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. அவள் இறங்கி வந்தாள். அக்குளில் ஒரு துணிப்பை. மாற்றுச் சேலையும் ஏதோ அட்டைகளும் தெரிந்தன. வாடாமல்லிச் சேலையின் முன்பக்கம் கருகல் ஒட்டியிருந்தது. முகத்தில் அழுத தடம் இல்லை. அழுகைக்கு இன்னும் நேரம் கிடைக்காத முகம். மதுரைக்குப் போகிற வழியில் வீட்டுக்கு வந்து துணி எடுத்தவள், வண்டியை இங்கே நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

இளைய முகவர் வாய் திறந்தார். "டீச்சர், கையில ஏற்கெனவே மை இருக்கு."

மூத்தவர் திரும்பினார். "ஏலே, காலையில நீயும் நானும் பாக்கத்தான அவ ஓடுனா. பேசாம ஒக்காரு."

டீச்சர் அவளைப் பார்த்து, அலுவலகக் குரலில், "சீட்டு இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் வலது கையைத் திறந்தாள். திறக்கச் சிரமப்பட்டாள், அவ்வளவு நேரம் மூடியே இருந்த கை. உள்ளே என் கையெழுத்து வேர்வையில் ஊறிக் கிடந்தது. எண் மட்டும் தப்பியிருந்தது. டீச்சர் அதை வாங்கி, பதிவேட்டில் அந்த வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, எண்ணோடு எண் ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு. அனுப்புங்க" என்றார்.

மறைப்புக்கு முன்னால் அவள் ஒரு நிமிடம் நின்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள்: "கண்ணு முழிச்சதும் மொதக் கேள்வி, ஓட்டுப் போட்டியாடின்னுதான் கேப்பாக. காலையில அதுக்குத்தான் சண்ட. நான் சொன்னதுக்குப் போடுன்னு அவுக, நீங்க சொன்னதுக்குப் போட மாட்டேன்னு நான். போடலன்னு அங்கன போயி நான் எப்படிச் சொல்ல?" பிறகு உள்ளே போனாள். ஏழு நொடி. பீப். அந்தப் பகல் முழுவதும் அவள் வரிக்கு வராமலிருந்த சத்தம் அப்போது வந்து, சுண்ணாம்புத்தூள் படிந்த மேசை, பெஞ்சு, முகவர்கள், என் குனிந்த தலை எல்லாவற்றின் மேலும் ஒரே அளவாக இறங்கியது. பதிவேடும் இயந்திரமும் நேராயின. அவள் வரியின் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. எந்த அதிகாரி புரட்டினாலும் அந்த வரியில் ஒன்றுமே நடக்கவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் வாக்குப்பதிவு சதவீதம் பெரிய எழுத்தில் இருந்தது. வெடிவிபத்து உள்பக்கத்தில். இரண்டிலும் எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு, பட்டியல் திருத்தம் நடந்தபோது, அலுவலகக் கணினியில் அந்த ஊரின் பாகத்தைத் தேடினேன். தேடாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. அவள் பெயர் இருந்தது. அடுத்த கட்டத்தில் அவள் கணவரின் புகைப்படம் இருந்தது. மீசையும், புகைப்படம் எடுப்பவரை நம்பாத பார்வையும். அதன் மேல் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு சொல் அச்சாகியிருந்தது: நீக்கப்பட்டது. அந்தச் சாய்வு எனக்குத் தெரிந்த சாய்வு. வந்தவர்களின் பெயர் மேல் முதல் அலுவலர் இழுப்பாரே, அதே சாய்வு.

டீச்சருக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். 'பூத் டீச்சர்' என்று என் போனில் அவர் எண் இன்னும் இருக்கிறது. போன் மாற்றும்போதெல்லாம் கூடவே மாறிவருகிறது. அழைத்ததில்லை. என்ன சொல்வது? இந்த முறை சாவடிக்குப் போகும் வழியில் ஆட்டோவில் ஒலிபெருக்கி, உங்கள் வாக்கு உங்கள் உரிமை என்று மாறாத குரலில் சொல்லிக்கொண்டே போனது. வாசலில் நிழற்பந்தல், தண்ணீர்ப் பானை, நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு தட்டி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அலுப்பாக இருந்தது. உள்ளே போகும்போது என்னையறியாமல் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். வேறு யாரும் கழற்றியிருக்கவில்லை. சத்தம் வந்து, வெளியே வந்து பார்த்தபோது, ஒற்றை ஜோடியாக வெயிலில் கிடந்தது. போட்டுக்கொண்டேன். சுட்டது.

அன்றைக்கு அவளும் அப்படித்தான் வாசலில் நீலப் பட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் போகாமல் திரும்பி, முதல் அலுவலரின் மேசையில் விரிந்து கிடந்த பட்டியலைப் பார்த்தாள். தன் பெயர் மேல் கோடு, அடுத்த பெயர் சுத்தமாக. டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அந்த நாளிலேயே முதல் தடவையாக எழுந்து, வாசல்வரை வந்தார்.

"அவுக ஆறு மணிக்குள்ள வர மாட்டாக டீச்சர். அதுக்காண்டி பேர எடுத்துராதீக. அடுத்த தடவ நானே கூட்டியாறேன்."

"வராதவுக பேர்ல நாங்க கோடு போட மாட்டோம்மா. அது அப்படியேதான் இருக்கும். நீ போயிட்டு வா."